"இன்றைக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்" என்று பிள்ளை சொன்னால்? வீட்டுக் கல்வியும் குடும்ப ஜெபமும்

மண்டபம் அம்மா எழுதியது:

வீட்டுக் கல்வி பற்றி இங்கே உள்ள பழைய இழைகளைப் படித்து மிகவும் பயன்பெற்றவள் நான். இம்முறை பாடத்திட்டம் கேட்க வரவில்லை. ஜெபம் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினொரு வயது, நடுவில் உள்ளவனுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஐந்து. மூவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் பக்கத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுகளின் நாள்கள், மற்றவை நாட்டுப்படகுகளுக்கு. காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. மூத்தவள் பள்ளிக்குப் போன காலத்தில் அவர் வீட்டில் இருக்கும்போது அவள் வகுப்பில் இருப்பாள், அவள் வீட்டில் இருக்கும்போது அவர் தூக்கத்தில் இருப்பார், அல்லது வலை வேலையில் இருப்பார். வீட்டுக் கல்விக்கு நாங்கள் வந்ததற்கு முதல் காரணம் இதுதான். நான் கணிதம் படித்தவள் என்பது கூடுதல் துணிவு தந்தது.

காலையில் ஒரு பாட்டு, வேதாகமத்தில் ஓர் அதிகாரம், ஜெபம். அதன்பின் தமிழும் கணக்கும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களைத்தான் வைத்துக்கொள்கிறோம். கடல் வற்றும் நேரம் பகலில் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் கரைக்குப் போய்விடுவோம். கடல்புல் வெளியே தெரியும். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வது இதைத்தான் என்று காட்டினால் அறிவியல் பாடம் அங்கேயே முடிந்துவிடும். மகனுக்குப் பாம்பன் பாலம் என்றால் உயிர். புதிய பாலத்தின் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம், அது 17 மீட்டர் மேலே எழும்பும் என்பதை வைத்தே அவனுக்குத் தசமக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்.

இரவில் நன்றி நோட்டு. ஒரே நோட்டுதான், கையிலிருந்து கைக்கு மாறும். அன்றைக்கு நடந்த ஒன்றுக்கு ஆளுக்கு ஒரு வரி. பெரிதாக எழுத வேண்டும் என்று இல்லை. "கெளுத்தி முள் குத்திய அப்பாவின் விரலில் வீக்கம் வற்றியது" என்று மகன் எழுதியிருக்கிறான். சின்னவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது: "தண்ணீர் லாரி நம் தெருவுக்கு முதலில் வந்தது." வாசித்துவிட்டு ஜெபித்துப் படுப்போம்.

சில வாரங்களுக்கு முன் பக்கத்துத் தெருவிலிருந்து போன படகை, எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் போனவர்களில் ஒருவர் என் மூத்தவளின் உயிர்த்தோழியின் அப்பா. இப்போது அக்கரையில் சிறையில் இருக்கிறார். அதே நாளில் கடலுக்குப் போன என் கணவர் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார். அன்றிரவு நோட்டு என் மகளிடம் வந்தது. மூடி வைத்துவிட்டாள். "அப்பா வந்ததற்கு நன்றி என்று நான் எழுதினால், அவள் என்ன எழுதுவாள் அம்மா? இன்றைக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்" என்றாள். அதன்பிறகு இன்றுவரை அவள் எழுதவில்லை.

நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது? விசுவாசமுள்ள வீடுகளில் பிள்ளை வளர்ப்பவர்கள் மனம் திறந்து எழுதுங்கள்.

பாம்பன் மீனவன் எழுதியது:

சகோதரி, உங்கள் மகள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. நான் நாட்டுப்படகுக்காரன். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கலங்கும்; ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பக்கம் பயம் இருந்துகொண்டேதான் இருக்கும். கூடப் போன படகு ஒன்று வந்து சேரவில்லை என்றால் எங்களில் யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. மீனை இறக்கியிருப்போம், பெட்டியில் ஐஸ் போட்டிருப்போம், ஆனால் ஏலத்துக்குக் குரல் எழும்பாது. கண்ணெல்லாம் கடல்மேல்தான் இருக்கும். அந்த நேரத்தில் பத்திரமாக வந்தவன் மாதாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லியிருப்பான். வெளியே சொல்ல மாட்டான். பக்கத்தில் நிற்கிறவனின் தம்பி இன்னும் கடலில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? உங்கள் மகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்திருக்கிறது. கடற்கரைப் பிள்ளை.

வேதாகமத்தில் 107ஆம் சங்கீதத்தை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். கடல் தொழிலாளிகள் அதில் வருகிறார்கள். நன்றி சொல்லச் சொல்லித்தான் அந்தச் சங்கீதம் தொடங்குகிறது. ஆனால் கடலில் இருப்பவர்கள் முதலில் செய்வது நன்றி சொல்வது அல்ல. புயலில் தள்ளாடுகிறார்கள், புத்தி கலங்கிப்போகிறது, கூப்பிட்டு அழுகிறார்கள். கடல் அமர்ந்து கரை சேர்ந்த பிறகுதான் நன்றி. சிறையில் கட்டுண்டு கிடப்பவர்களும் அதே சங்கீதத்தில் இருக்கிறார்கள். உங்கள் மகளின் தோழி வீட்டுக்கு அந்தப் பகுதிதான் இப்போது வேண்டும்.

உச்சிப்புளி ஐயரம்மா எழுதியது:

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம். பாம்பன் சகோதரர் எழுதியதைக் கண்ணீரோடு வாசித்தேன். இருந்தாலும் ஒரு விஷயத்தில் நான் வேறுபடுகிறேன்.

மனம் வரும்போது மட்டும் நன்றி சொல்வது என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டால், மனம் வராத நாள்கள் கூடிக்கொண்டே போகும். எங்கள் சபையில் ஒரு விதவைத் தாய், கணவரை அடக்கம் செய்த அதே மாதத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறந்தநாளுக்கு, திருமண நாளுக்கு, வீடு கட்டியதற்கு என்று உறையின் மேல் காரணம் எழுதுவது வழக்கம். அந்த அம்மாள் காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். சபைப் போதகரான ஐயர் பலிபீடத்தண்டை நின்று அவர் பெயரை மட்டும் வாசித்தார். அந்தத் தாய்க்கு அன்றைக்கு மனம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? வாழ்நாள் முழுவதும் செய்து பழகிய கை அது. மனம் ஓய்ந்த நாளிலும் கை தானாகப் போயிற்று.

ஆகவே மகளை எழுதச் சொல்ல வேண்டாம். எழுந்து போகவும் விட வேண்டாம். நோட்டு அவளிடம் வரட்டும். அவள் பேசாமல் அடுத்தவரிடம் கொடுக்கட்டும். அவளுடைய இடம் அந்த வட்டத்தில் அப்படியே இருக்க வேண்டும்.

தொண்டி மாணவி எழுதியது:

இந்த இழையில் நான் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பேசலாம் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை வீட்டில் படித்தவள் நான். இப்போது கல்லூரியில் இருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் நன்றி சொல்லும் நேரம் இருந்தது. நாங்கள் மட்டும் இருக்கும்போது எனக்கு அது பிடித்திருந்தது. விருந்தினர் வந்தால்தான் துன்பம். "மாமாவுக்கு முன்னால் சொல்லு, ஆண்டவர் உனக்கு என்னென்ன செய்தார்?" என்று கேட்பார்கள். நானும் கேட்பவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லப் பழகிவிட்டேன். எனக்குள்ளே அது ஆண்டவரோடு பேசுவதாக இருக்கவில்லை. வீட்டுக் கல்விப் பிள்ளைகளுக்கு இது கூடுதல் பாரம், ஏனென்றால் எங்களைப் பார்க்க வருகிற எல்லோருமே எங்களைச் சோதிக்கத்தான் வருகிறார்கள். ஆங்கிலம் பேசச் சொல்வார்கள், வாய்ப்பாடு கேட்பார்கள், கடைசியில் வசனமும் கேட்பார்கள்.

எனக்கு நன்றியைக் கற்றுக்கொடுத்தது வேறு ஒன்று. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தள்ளுவண்டியில் வரும். பிளாஸ்டிக் குடங்களை இறக்கிவைக்கும் அண்ணனுக்கு அம்மா ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி நன்றி சொல்வார், மோர் கொடுப்பார், அவருடைய பிள்ளைகளை விசாரிப்பார். அதேபோல அப்பா இரவில் பாத்திரம் கழுவினால் எங்கள் முன்னாலேயே அவருக்கு நன்றி சொல்வார். ஆண்டவருக்குச் சொல்லும் நன்றியும் மனிதருக்குச் சொல்லும் நன்றியும் எங்கள் வீட்டில் ஒரே குரலில் இருந்தன. அதனால்தான் முதலாவது எனக்குப் பொய்யாகப் படவில்லை.

ஐயரம்மா சொல்லும் வட்டம் நல்லதுதான். ஆனால் தங்கை பேசாமல் நோட்டைக் கை மாற்றும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. அது மிகவும் முக்கியம்.

தங்கச்சிமடம் ஓய்வு ஆசிரியர் எழுதியது:

எல்லோரும் ஜெபத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் பள்ளியைப் பற்றி எழுதுகிறேன். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இந்தக் கரையில் கிறிஸ்தவம் வேர் பிடித்தது கோயில் கட்டியதால் மட்டும் அல்ல, பள்ளி கட்டியதாலும்தான். ராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் என்ற மிஷனரியின் பெயரில் இன்றும் நடக்கும் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியிலிருந்து 1750-இல் வந்து, 1798-இல் தஞ்சாவூரில் கண்மூடும் வரை இந்த மண்ணிலேயே கிடந்த மனிதர் அவர். அவர் பெயர் தாங்கிய பள்ளியில்தான் ராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம் படித்தார். இமாமின் மகன் மிஷன் பள்ளியில் படித்தான், இந்து ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நம்முடைய முன்னோர் அப்படி எல்லோருக்கும் கதவு திறந்து வைத்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளைகளை மட்டும் தனியே உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறோமே, அது சரியா?

அம்மா, உங்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் உங்கள் மகளிடம் இப்போது மலர்ந்திருக்கிறதே ஒரு நல்ல குணம், அது உங்கள் நோட்டிலிருந்து வந்ததா? ஒரு தோழியிடமிருந்து வந்தது. தோழிகள் கிடைக்கும் இடம் பள்ளி. கணிதம் படித்த தாய் எல்லா வீட்டிலும் இல்லை. நீங்கள் செய்வதைப் பார்த்து, கடலில் பாசி எடுக்கப் போகும் ஒரு தாய் தன் மகளையும் வீட்டில் நிறுத்திக்கொண்டால், அந்தப் பெண் பிள்ளைக்கு வாய்ப்பது வீட்டுக் கல்வி அல்ல, வீட்டு வேலை. என் வகுப்பிலிருந்து அப்படி நின்றுபோன பெண் பிள்ளைகளின் முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அரசுப் பள்ளியில் மதிய உணவு இருக்கிறது, 2022 முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்திருக்கிறது. நன்றி சொல்ல வேண்டிய பட்டியலில் இவையும் உண்டு.

மண்டபம் அம்மா எழுதியது:

ஐயா, உங்கள் வார்த்தைகளைத் தள்ளிவிட முடியாது. பாசி எடுக்கும் தாய்மார் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தெரிந்த உண்மை. என்னிடம் கேட்கும் எந்தத் தாயிடமும், "பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள்" என்று நான் சொன்னதே இல்லை. இனியும் சொல்ல மாட்டேன். பள்ளியில் இருக்கும் பிள்ளை பள்ளியில் இருப்பது நல்லது என்றுதான் சொல்வேன்.

தோழியைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம். அவள் எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் கிடைத்தவள். அரசுப் பள்ளியில் படிக்கிறாள். மாலையில் பையோடு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அவள் வீட்டுப்பாடத்தை இருவரும் சேர்ந்து செய்வார்கள். என் மகள் அவளுக்குக் கணக்குச் சொல்வாள், அவள் என் மகளுக்குப் பள்ளியில் நடந்த நாடகம், சண்டை, பேச்சுப்போட்டி எல்லாம் சொல்வாள். கதவு சாத்தியிருக்கவில்லை ஐயா. சனிக்கிழமைகளில் எங்கள் திண்ணையில் தெருப்பிள்ளைகள் உட்கார இடம் போதாது.

தொண்டித் தங்கைக்கு மிகவும் நன்றி. விருந்தினர் முன் பிள்ளைகளை நிறுத்தும் வழக்கம் இனி எங்கள் வீட்டில் இருக்காது. என் மாமியாரிடமும் சொல்லிவிட்டேன்.

கீழக்கரைப் பெண் எழுதியது:

அக்கா, நான் முஸ்லிம். இந்த இழையில் எழுதலாமா என்று தயங்கினேன், ஆனால் எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்திருக்கிறது. என் மகன் கேட்டான்: "நம் வாப்பா வெளிநாட்டிலிருந்து பெருநாளுக்கு வந்துவிட்டார், பக்கத்து வீட்டுப் பையனின் வாப்பா வரவில்லை, நாம் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லலாமா?" என் உம்மா அவனைக் கூப்பிட்டு, "சொல்லு. சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையையும் கூட்டிவந்து உன் வாப்பா பக்கத்தில் உட்காரவை" என்றார். பெருநாள் சாப்பாடு அன்றைக்கு அந்தப் பையனுக்கும் எங்களோடு ஒரே சஹன் தட்டில்தான். உங்கள் மகளுக்கு என் சலாம்.

ஓரியூர்க்காரன் எழுதியது:

ஆசிரியர் ஐயா வரலாற்றைத் தொட்டுவிட்டார். நானும் கொஞ்சம் தொடுகிறேன்.

எங்கள் ஊருக்கு மக்கள் நன்றி சொல்லத்தான் வருகிறார்கள். குழந்தை பிறந்ததற்கு, நோய் தீர்ந்ததற்கு, வெளிநாட்டு வேலை கிடைத்ததற்கு நேர்ச்சை செலுத்த வருகிறார்கள். மொட்டை போடுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் அந்த இடம் என்ன இடம்? 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற கத்தோலிக்கக் குரு தலை வெட்டுண்ட இடம். போர்த்துகலில் அரசவைப் பிள்ளையாக வளர்ந்தவர், நம்மைப்போல் உண்டு உடுத்து மறவர் சீமையில் நடந்தவர். இரத்தம் சிந்தியதால் சிவந்தது என்று மக்கள் நம்பும் மண்ணைத்தான் நன்றியோடு முடிந்துகொண்டு போகிறார்கள். உங்கள் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே வேதாளை இருக்கிறது. 1549-இல் அந்தோனி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டது அங்கேதான். அதுவும் மக்களைத் தப்பவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

சின்ன வயதில் என் அப்பாயியிடம் கேட்டிருக்கிறேன்: "கொலை நடந்த இடத்தில் பொங்கல் வைக்கலாமா?" அவர், "அழுகிறவர்கள் ஒரு பக்கம், பொங்குகிறவர்கள் ஒரு பக்கம், சாமிக்கு இரண்டு பக்கமும் தெரியும்" என்றார். அப்பாயி எழுதப்படிக்கத் தெரியாதவர். ஜெபமாலை மட்டும் கையை விட்டு இறங்காது. உங்கள் மகளுக்கு ஓரியூரைக் காட்டுங்கள் சகோதரி. சபை வேறாக இருந்தால் என்ன, பார்க்க வரலாம். அங்கே அழுகிறவர்களையும் பார்ப்பாள், பொங்கல் வைக்கிறவர்களையும் பார்ப்பாள்.

உச்சிப்புளி ஐயரம்மா எழுதியது:

ஓரியூர்ச் சகோதரரின் அப்பாயி சொன்னதை எங்கள் பெண்கள் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். மகளிரில் பாதிப் பேர் மீனவக் குடும்பத்தார். தொண்டித் தங்கை எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை முன்னால் அழைத்துச் சாட்சி சொல்லவைக்கும் பழக்கம் எங்கள் சபையிலும் இருக்கிறது. சொல்ல விரும்பும் பிள்ளைகள் மட்டும் வரட்டும் என்று ஐயரிடம் பேசுகிறேன். ஆனாலும் நாள்தோறும் நன்றி சொல்லும் பழக்கம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

சாயல்குடித் தகப்பன் எழுதியது:

நடுவில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகனுக்கு ஏழு வயது. வீட்டில் படிக்கவைப்பது பற்றி நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். உறவினர்கள், "போலீஸ் வரும்" என்று பயமுறுத்துகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? பிற்பாடு தேர்வு எழுத என்ன வழி?

தொண்டி மாணவி எழுதியது:

அண்ணன், கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக் கல்வி என்று பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆகவே "முழுச் சட்டப் பாதுகாப்பு உண்டு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், "ஜெயில்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

தேர்வுக்கு இரண்டு பாதைகள். ஒன்று, மாநிலத் தேர்வுத் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். அதில் தேறினால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அதை விட்டுவிட்டால் தேர்வு எழுத முடியாமல் போய்விடும். மற்றொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அங்கே 14 வயதில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. நான் போனது முதல் பாதை. பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் மாதம் மணி அடிப்பதற்கெல்லாம் திடுக்கிட்டேன், பிறகு பழகிவிட்டது. எந்தப் பாதையானாலும் விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

தங்கச்சிமடம் ஓய்வு ஆசிரியர் எழுதியது:

தங்கை சரியாகச் சொன்னாள். செய்முறைப் பதிவைத் தவறவிட்டு ஓராண்டு வீணான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சாயல்குடித் தம்பி, உங்கள் வீட்டில் யார் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள், நாளுக்கு எவ்வளவு நேரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு நேரான பதில் இல்லையென்றால் பையனைப் பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டு ஜெபத்துக்குப் பள்ளி இடைஞ்சல் அல்ல.

மண்டபம் அம்மா எழுதியது:

சில நாள்களாக இங்கே வர முடியவில்லை. எல்லோருடைய பதில்களையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். பாம்பன் சகோதரர் எழுதியதைக் கேட்டு வெகுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "நானும் அன்றைக்குக் கரையில் அப்படித்தான் நின்றேன், வீட்டில் சொல்லவில்லை" என்றார். அதை மகளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நீங்களும் எழுதவில்லையா அப்பா?" என்று கேட்டாள். "இல்லை" என்றார். அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அவள் மூச்சு விட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

107ஆம் சங்கீதத்தை மூன்று இரவுகளாகப் பிரித்து வாசித்தோம். சிறைப்பட்டவர்கள் வரும் பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். அடுத்த நாள் தோழியின் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் குழம்பும் சோறும் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

அந்த வீட்டில் நடந்ததை எழுத வேண்டும். அந்த அம்மாளுக்கு அன்றைக்கு விசாரணை வாய்தா மறுபடியும் தள்ளிப்போன செய்தி வந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. என் மகள் தலைவிரி கோலமாக வெயிலில் நடந்து வந்திருந்தாள். வாசிக்கத் தொடங்கிய பிள்ளையை அவர் தம் பக்கம் இழுத்து, முன்னால் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, வகிடு எடுத்து, இரட்டைச் சடை பின்னத் தொடங்கிவிட்டார். தம் மகளுக்குச் செய்வதைப்போலவே. இவள் வாசிக்க வாசிக்க அவர் பின்னிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் முடிந்து ரிப்பன் கட்டும்போது வாசிப்பும் நின்றது. மறுபக்கம் தொடங்கியதும் இவளும் தொடர்ந்தாள்.

அன்றிரவு நோட்டைக் கேட்டு வாங்கினாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தங்கை சொன்னபடியே. "அத்தை எனக்குச் சடை பின்னிவிட்டார்கள்" என்று எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வரி விட்டு, "மாமாவைச் சீக்கிரம் அனுப்புங்கள்" என்று ஆண்டவருக்கு எழுதியிருந்தாள். அப்பா வந்ததற்கு அவள் இன்னும் எழுதவில்லை. நான் கேட்கப் போவதும் இல்லை.

ஐயரம்மா சொன்ன வட்டத்தை அப்படியே வைத்திருக்கிறோம். இப்போது தோழியும் அவள் தம்பியும் இரவு ஜெபத்துக்கு எங்களோடு உட்காருகிறார்கள். நோட்டு அவர்களிடமும் போகிறது. தம்பிக்காரன் முதல் நாளிலேயே எங்கள் வீட்டு மீன் குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டான். அவள் இன்னும் எழுதவில்லை.

பாம்பன் மீனவன் எழுதியது:

ஆண்டவர் அந்த வீட்டாரோடு இருப்பாராக. எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக்குழுவில், இந்த வாரம் அந்தக் குடும்பத்துக்காகச் செபிக்கிறோம். வீட்டில் அரிசிக்கோ, பிள்ளைகள் படிப்புக்கோ தேவை இருந்தால் சங்கத்தின் வழியாக ஏற்பாடு செய்யலாம்; கேட்கக் கூச்சப்படுவார்கள், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் சகோதரி. மீனாகவும் கொடுத்தனுப்புகிறேன்.

கீழக்கரைப் பெண் எழுதியது:

சடை பின்னியதைப் படித்து அழுதுவிட்டேன் அக்கா. அந்தச் சகோதரர் வீடு திரும்ப நாங்களும் துஆ செய்கிறோம்.

தங்கச்சிமடம் ஓய்வு ஆசிரியர் எழுதியது:

அம்மா, பள்ளி பற்றிய என் கருத்து மாறவில்லை. மாறும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் மகளுக்குப் பதினொரு வயது என்கிறீர்கள். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். அறிவியலை வீட்டில் புத்தகம் மட்டும் வைத்து நடத்தினால் பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு வரும்போது பிள்ளை திணறும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் நடத்தியவன். ஓய்வுபெறும்போது நண்பர்கள் வாங்கிக்கொடுத்த சோதனைக்குழாய்களும் ஒரு நுண்ணோக்கியும் வீட்டில் சும்மா இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பணம் பற்றிப் பேச வேண்டாம்.

மண்டபம் அம்மா எழுதியது:

ஐயா, இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. செவ்வாய், வியாழன், வெள்ளி என் கணவர் வீட்டில் இருக்கும் நாள்கள். அதனால் சனிக்கிழமை மதியம் வரலாமா? பாலத்தைத் தாண்டி வந்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம்? இன்னொரு விண்ணப்பம். மகளின் தோழிக்கும் அன்றைக்குப் பள்ளி விடுமுறைதான். அவளையும் அழைத்து வரலாமா?

தங்கச்சிமடம் ஓய்வு ஆசிரியர் எழுதியது:

கட்டாயம் அழைத்து வாருங்கள். பஸ் நிறுத்தத்துக்கு நானே வந்து நிற்கிறேன். அமிலம், காரம் பாடத்திலிருந்து தொடங்கலாம். வரும்போது செம்பருத்திப் பூ ஒரு கைப்பிடியும் இரண்டு எலுமிச்சம்பழமும் எடுத்து வாருங்கள். சோடா உப்பு என்னிடம் இருக்கிறது.